வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம்

நிலம் வாங்கறதுன்னா நம்ம ஆளுங்க என்னென்ன பார்ப்பாங்க? மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷத்துக்கு ஈசி, ஒரு வக்கீல் ஒப்பீனியன். கொஞ்சம் விவரமானவங்க பக்கத்து வீட்ல போர் தண்ணி எப்படின்னு கேட்டுக்குவாங்க. வாஸ்து வேற. இதெல்லாம் சரியா இருந்தா அட்வான்ஸ் கொடுத்துடலாம்.

இந்த லிஸ்ட்ல ஒரு ஐட்டம் மட்டும் இருக்காது. அந்த மண்ணுக்குள்ள என்ன இருக்கு? நமக்கு முன்னாடி, அதுக்கும் முன்னாடி இருந்தவன் அங்க எதைக் கொட்டிட்டுப் போனான்? ஈசியில அடமானம் வரும், பாகப்பிரிவினை வரும். பாதரசமும் ரேடியமும் வராது.

அப்படி ஒரு இடத்தை வாங்கி மாட்டிக்கிட்டவனுக்கு சட்டத்துல என்ன வழி இருக்கு? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவுல ஒரு பதில் கிடைக்க ரொம்ப வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

1917: ஆரஞ்சு ஊர்ல ஒரு ரேடியம் பட்டறை

நியூஜெர்சி மாநிலத்துல ஆரஞ்சுன்னு ஒரு சின்ன ஊர். அங்க ஹை ஸ்ட்ரீட்டும் ஆல்டன் ஸ்ட்ரீட்டும் சேர்ற இடத்துல 1917ல் ஒரு கம்பெனி ரேடியம் பிரிச்சு எடுக்க ஆரம்பிச்சது. பின்னாடி அதோட பேரு யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன்.

அப்போ ரேடியம்னா தங்கத்தையெல்லாம் தூக்கிச் சாப்பிடற விலை. 1921ல் மேரி கியூரிக்குப் பரிசா கொடுக்கறதுக்காக அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி ஒரே ஒரு கிராம் வாங்கினாங்க. அதுக்கு ஆன செலவு 1 லட்சம் டாலர்.

கொலராடோ பக்கத்துல இருந்து தாது மூட்டை மூட்டையா ரயில்ல வரும். ஒரு டன் தாதுவைக் கரைச்சு வடிகட்டினா கிடைக்கிறது சில மில்லிகிராம் ரேடியம்தான். அப்போ மிச்சம்? ஏறக்குறைய அந்த ஒரு டன்னும் சக்கைதான். கரும்பைப் பிழிஞ்ச சக்கையில இனிப்பு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி, இந்தச் சக்கையிலயும் ரேடியம் ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். அதை என்ன பண்றது? பட்டறைக்குப் பின்னாடி காலி மனை கிடந்தது. அங்கயே கொட்டிட்டாங்க. 1926 வரைக்கும் இதே கதை.

ரேடியம் கலந்த பெயின்ட் இருட்டுல மினுக்கும். கடிகார முள், டயல் எல்லாத்துக்கும் அதைப் பூச இளம் பெண்களை வேலைக்கு வச்சாங்க. பிரஷ் முனை கூர்மையா இருக்கணும்னு உதட்டுல வச்சு ஈரம் பண்ணிப் பூசச் சொன்னாங்க. சில வருஷத்துல தாடை எலும்பு அழுகிப் போக ஆரம்பிச்சது. 'ரேடியம் பெண்கள்'னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்களே, அவங்கதான். 1927ல் அஞ்சு பேர் கேஸ் போட்டாங்க. கம்பெனி பிடிச்சுக்கிட்டது காலக்கெடுவை. "ரெண்டு வருஷத்துக்குள்ள வந்திருக்கணும், நீங்க வேலையை விட்டே பல வருஷம் ஆச்சு"ன்னு வாதம். கடைசியில 1928 ஜூன்ல சமரசம்: ஆளுக்கு 10,000 டாலர், வருஷம் 600 டாலர் பென்ஷன், மருத்துவச் செலவு.

இந்தக் காலக்கெடு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி திரும்ப வரும்.

உள்ள இருந்த விஞ்ஞானிகள் ரேடியத்தைக் கையாள ஈயத் தடுப்பு, இடுக்கின்னு பாதுகாப்போடதான் வேலை பார்த்தாங்க. அதாவது, ஆபத்துன்னு தெரியாதவங்க இல்ல. இதுவும் அறுபது வருஷம் கழிச்சுக் கோர்ட்ல பேசப்பட்டது.

பத்திரம் கைமாறுது

1943ல் கம்பெனி அந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்கு வித்துட்டுப் போயிடுச்சு. வாங்கினவங்களுக்குக் கட்டடம் பத்தல. பின்னாடி காலி இடம் கிடக்கேன்னு கட்டடத்தை நீட்டினாங்க. எங்க? அந்தச் சக்கை மேலயே!

அப்புறம் இன்னும் சில கை மாறினது. 1969ல் டி அண்ட் ஈ இண்டஸ்ட்ரீஸ்னு ஒரு எலக்ட்ரானிக் பாகங்கள் பண்ற கம்பெனி வாடகைக்கு வந்தது. இடம் பிடிச்சுப் போய் 1974ல் விலைக்கே வாங்கிட்டாங்க. பத்திரம் பக்காவா இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தத் தரைக்கடியில என்ன கொட்டினாங்கன்னு யாரும் சொல்லல.

1978ல் யுரேனியம் ஆலைக் கழிவுகள் பத்தி மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. பழைய கதிரியக்க இடங்களைத் தேட ஆரம்பிச்சாங்க. 1979ல் மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஆளுங்க மீட்டரோட வந்து பார்த்தா, அனுமதிச்ச அளவைத் தாண்டி ரேடான் வாயு. ரேடியம் சிதையும்போது வர்ற வாயு அது. மணம், நிறம் எதுவும் கிடையாது. தரை விரிசல் வழியா மேல வரும். மூச்சுல போனா நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

ரேடியத்தோட அரை ஆயுள் சுமார் 1600 வருஷம். 1926ல கொட்டினது 1979ல எவ்வளவு குறைஞ்சிருக்கும்னு நம்ம பழக்கதோஷத்துல கால்குலேட்டர் தட்டிப் பார்த்தேன். நூத்துக்கு ரெண்டு பங்கு சொச்சம்தான்! மிச்சம் அப்படியே இருக்கு.

டி அண்ட் ஈ ஆளுங்களை வெளியேத்தி, வேற இடத்துக்கு மாறினாங்க. சரி, இடத்தை வித்துத் தலைமுழுகலாம்னா அதுவும் முடியாது. தொழிற்சாலை இடத்தைக் கைமாத்தணும்னா முதல்ல சுத்தம் பண்ணிட்டு வான்னு 1983ல் நியூஜெர்சி சட்டம் போட்டுடுச்சு. அதே வருஷம் அந்த இடம் மத்திய அரசோட மோசமான நச்சு இடங்கள் பட்டியல்லயும் ஏறிடுச்சு. உக்காரவும் முடியாது, விக்கவும் முடியாது. கேஸ் போட்டாங்க. பழைய ரேடியம் கம்பெனியோட வாரிசா அப்போ இருந்தது சேஃப்டி லைட்ங்கற கம்பெனி.

"வாங்கறவன்தான் பார்த்து வாங்கணும்"

இங்கதான் சட்டச் சிக்கல். ஆங்கிலேயச் சட்ட மரபுல ஒரு பழைய விதி இருக்கு. லத்தீன்ல 'கேவியட் எம்ப்டர்'. வாங்கறவன் ஜாக்கிரதையா இருக்கணும்னு அர்த்தம். மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்து வாங்க வேண்டியது உன் வேலை, வாங்கினப்புறம் வந்து அழாதேங்கற நியாயம். மாட்டுக்கு இது சரி. மண்ணுக்கு?

அதே மரபுல இன்னொரு விதியும் இருக்கு. இங்கிலாந்துல ஒரு மில் முதலாளி தன் இடத்துல நீர்த்தேக்கம் கட்டினார். தண்ணி கசிஞ்சு பக்கத்துச் சுரங்கத்துல புகுந்துடுச்சு. ரைலண்ட்ஸ் - ஃபிளெட்சர் வழக்குன்னு பேரு. 1868ல் பிரபுக்கள் சபை சொன்னது என்னன்னா, ஆபத்தான ஒண்ணை உன் இடத்துல கொண்டு வந்து குவிச்சா, அது தப்பிச்சுப் போய் செய்யற சேதத்துக்கு நீதான் பொறுப்பு. கவனக்குறைவு இருந்துச்சா இல்லையாங்கற பேச்சே வேண்டாம்.

ஆனா கவனிங்க, இது *பக்கத்து இடத்துக்காரருக்கு* கிடைக்கிற பாதுகாப்பு. அதே இடத்தைப் பின்னாடி காசு கொடுத்து வாங்கினவருக்கு? அவருக்கு முதல் விதிதான். நச்சு வேலியைத் தாண்டிப் போனா கேஸ் போடலாம், வேலிக்குள்ளயே இருந்து உன்னைக் கொன்னா நீ பார்த்து வாங்கியிருக்கணும். கூத்தா இல்ல?

கூத்தா இருந்தாலும் 1985லயும் கோர்ட் அப்படித்தான் சொல்லிச்சு. பென்சில்வேனியாவுல செஸ்டர்ங்கற ஊர்ல டெலவேர் ஆத்தங்கரையில் ஒரு ரெசின் கம்பெனி இருந்தது. இடத்தை 1971ல் ஒருத்தருக்கு வித்தாங்க. அவங்ககிட்ட இருந்து 1974ல் பிலடெல்பியா எலக்ட்ரிக் கம்பெனி வாங்கினது. 1980ல் பார்த்தா பிசின் மாதிரி கழிவு ஆத்துல கசியுது. அரசு உத்தரவுப்படி வாங்கினவங்க செலவு பண்ணிச் சுத்தம் செஞ்சாங்க. அப்புறம் பழைய கம்பெனியைத் தன்னோட இணைச்சுக்கிட்ட ஹெர்குலிஸ் மேல கேஸ். ஜூரி சாதகமாச் சொல்லியும், மேல்முறையீட்டுல காலி. "நீங்க பெரிய கம்பெனி, பக்கத்துலயே இருந்தீங்க, பார்த்துதானே வாங்கினீங்க? விலையில அதைக் கழிச்சிருக்கலாமே"ங்கற தோரணையில தீர்ப்பு.

ஒரு டாலர் பத்திரம்

இதுக்கு நடுவுல நாட்டையே உலுக்கின ஒரு விஷயம் நடந்துடுச்சு. நயாகரா ஃபால்ஸ் ஊர்ல லவ் கெனால்னு ஒரு பாதியில நின்னுபோன கால்வாய். ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி 1942ல் இருந்து சுமார் பத்து வருஷத்துல அதுல கொட்டின ரசாயனக் கழிவு ஏறத்தாழ 21,800 டன். 1953ல் அதை மூடி, ஊர்ப் பள்ளி நிர்வாகத்துக்கு வித்தாங்க. விலை? ஒரே ஒரு டாலர்!

அந்தப் பத்திரத்துல ஒரு வரி. ரசாயனக் கழிவு இருக்குன்னும், அதனால யாருக்கு என்ன ஆனாலும் கம்பெனி மேல கோரிக்கை வரக்கூடாதுன்னும் எழுதி வாங்கிக்கிட்டாங்க. பத்திரத்தாலயே கையைக் கழுவறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த இடத்துலயே பள்ளிக்கூடம் வந்தது, சுத்தி வீடுகள் வந்தது. வீடு வாங்கின சாமானியர்களுக்கு அந்த ஒரு வரி தெரிய வழியில்ல. 1978ல் அடித்தளத்துல ரசாயனம் ஊறி வர, அவசர நிலை அறிவிச்சு ஜனங்களைக் காலி பண்ண வேண்டியதாப் போச்சு.

இதோட விளைவா 1980 டிசம்பர்ல 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் வந்தது. கொட்டினவன், கொட்டினப்போ இடத்துக்குச் சொந்தக்காரன், கொட்டறதுக்கு ஏற்பாடு பண்ணினவன் எல்லாருமே சுத்தம் செய்யற செலவுக்குப் பொறுப்பு. பல வருஷம் முன்னாடி கொட்டினதும் சேர்த்தி. ஹூக்கரை வாங்கியிருந்த ஆக்சிடென்டல் கம்பெனி பொறுப்புன்னு 1988ல் ஒரு மத்திய நீதிமன்றம் சொல்லிச்சு. 1995ல் மத்திய அரசோட செஞ்ச சமரசத்துல அவங்க ஒத்துக்கிட்டது 129 மில்லியன் டாலர். ஒரு டாலர் பத்திரம் 42 வருஷம் கழிச்சு எங்க வந்து நிக்குது பாருங்க.

ஆனா அந்தச் சட்டத்துல ஒரு முள் இருந்தது. *இப்போதைய* சொந்தக்காரரும் பொறுப்பு! அதாவது ஏமாந்து வாங்கின நீயும் பணம் கட்டணும். எவனோ எழுதிட்டுப் போன கோடுல பக் வந்தா, இன்னைக்கு அந்த மாட்யூல் யார் பேர்ல இருக்கோ அவனை ராத்திரி எழுப்பற மாதிரி. ஜனங்க கத்தினதுல 1986ல் திருத்தம் வந்தது. வாங்கும்போது இடத்தோட பழைய சரித்திரத்தை ஒழுங்கா விசாரிச்சும் தெரியாமப் போயிருந்தா தப்பிக்கலாம். தெரிஞ்சே வாங்கினாலும், முன்கூட்டியே விசாரிச்சு, வாங்கினப்புறம் பொறுப்பா நடந்துக்கிட்டா பாதுகாப்பு உண்டுன்னு 2002ல் இன்னொரு திருத்தம். இன்னைக்கு அங்க வணிக இடம் வாங்கறவங்க மண் சரித்திர அறிக்கை ஒண்ணு தயார் பண்றதுக்குக் காரணம் இதுதான்.

1991: மார்ச் மாசத் தீர்ப்பு

இப்ப ஆரஞ்சு ஊருக்குத் திரும்புவோம். நியூஜெர்சி கோர்ட் ஏற்கெனவே 1983ல் வென்ட்ரான் வழக்குன்னு ஒண்ணுல பாதி வழி வந்திருந்தது. அது பாதரச ஆலை. 40 ஏக்கர் நிலத்துக்கடியில 268 டன் நச்சுக் கழிவு, பெரும்பாலும் பாதரசம். அதுல ஒரு துண்டை வாங்கினவங்க பழைய கட்டடத்தை இடிச்சா பாதரசம் சொட்டுது. தெரிஞ்சே மறைச்சு வித்தது மோசடின்னு தீர்ப்பு ஆச்சு.

ஆனா மோசடின்னு சொல்லணும்னா, வித்தவன் வாங்கினவன்கிட்ட மறைச்சான்னு நிரூபிக்கணும். ரேடியம் கம்பெனி வித்தது 1943ல், வேற ஆளுக்கு. டி அண்ட் ஈ அவங்களைப் பார்த்ததே இல்ல. நடுவுல எத்தனையோ பேர். எந்த ஒப்பந்தமும் இல்ல.

1991 மார்ச் 27ல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. சாராம்சத்தை என் வார்த்தையில சொல்றேன்:

1. ஊருக்கு நடுவுல காலி மனையில ரேடியக் கழிவைக் கொட்டறது அளவுக்கு மீறின ஆபத்தான செயல். கவனமா கொட்டினேன்ங்கற பேச்சு எடுபடாது. அப்படிக் கொட்டறதுல பாதுகாப்பான முறைன்னே ஒண்ணு கிடையாது.
2. இந்தப் பொறுப்பு பக்கத்து இடத்துக்காரரோட நிக்காது. பின்னாடி அந்த இடத்தை வாங்கினவருக்கும் உண்டு. வித்துட்டா தப்பிச்சுடலாம்னு விட்டா, எல்லாரும் வித்துட்டு ஓடிடுவாங்க.
3. 'வாங்கறவன் ஜாக்கிரதை'ங்கற வாதம் இங்க செல்லாது. ஆபத்து தெரிஞ்சு, அதை நான் ஏத்துக்கறேன்னு வாங்கினவர் ஒத்துக்கிட்டிருந்தா மட்டும்தான் அந்தப் பேச்சு.
4. ஆபத்து தெரியாதுன்னு கம்பெனி சொல்ல முடியாது. ரேடியத்தை மத்தவங்களைவிட நல்லாத் தெரிஞ்ச கம்பெனி அது.

நஷ்டத்துக்கும் சுத்தம் செய்யற செலவுக்கும் பழைய கம்பெனியோட வாரிசுதான் பொறுப்பு. கடைசியாக் கொட்டி 65 வருஷம், வித்து 48 வருஷம். பத்திரம் கைமாறலாம், பாவம் கைமாறாதுன்னு கோர்ட் ஒரு வழியா ஒத்துக்கிட்டது.

எனக்கு இந்தத் தீர்ப்புல பிடிச்சது மூணாவது பாயின்ட்தான். விலையில கழிச்சுக்கோன்னு ஹெர்குலிஸ் கேஸ்ல சொன்னாங்களே, தெரிஞ்சாத்தானேய்யா கழிக்க முடியும்?

ஆனா கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கு

இதோட சுபம் போட்டுடலாம்னு நெனச்சா, இல்ல. இந்தத் தீர்ப்பு நியூஜெர்சிக்கு மட்டும்தான், மத்த மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. பெரிய எதிரி, ரேடியம் பெண்களுக்கு எதிரா நின்ன அதே காலக்கெடு.

வட கரோலைனாவுல ஆஷ்வில் ஊர். சி.டி.எஸ்ங்கற கம்பெனி 1985 வரைக்கும் அங்க எலக்ட்ரானிக் பாகங்கள் செஞ்சது. 1987ல் இடத்தை வித்துட்டுப் போனது. பின்னாடி அது மனைகளாப் பிரிஞ்சு வீடுகள் வந்தது. உங்க கிணத்துத் தண்ணியில நச்சு ரசாயனம் இருக்குன்னு 2009ல் அரசு ஆளுங்க வந்து சொன்னப்புறம்தான் ஜனங்களுக்கே தெரியும். கேஸ் போட்டாங்க. அந்த மாநிலச் சட்டப்படி, கம்பெனி கடைசியா எதையாவது செஞ்ச நாள்ல இருந்து பத்து வருஷம்தான் கெடு. பாதிக்கப்பட்டவனுக்குத் தெரிஞ்சதா இல்லையாங்கற கணக்கே கிடையாது. 1987ல வித்தாச்சு, 1997ல கதவு மூடியாச்சு. விஷயம் தெரியறதுக்கு 12 வருஷம் முன்னாடியே!

2014 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2ன்னு கம்பெனி பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. சூப்பர்ஃபண்ட் சட்டம் சாதாரணக் காலக்கெடுவை நீட்டும், இந்த மாதிரி முழுக் கதவடைப்பைத் தொடாதுன்னு விளக்கம்.

ரேடியத்தோட கணக்கு 1600 வருஷம். சட்டத்தோட கணக்கு பத்து வருஷம். ரெண்டு கடிகாரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிறது வீடு வாங்கினவன்தான்.

ஆரஞ்சுக்குப் பக்கத்து ஊர்களான மான்ட்கிளேர், கிளென் ரிட்ஜ்ல இன்னொரு கொடுமை. ரேடியம் கலந்த மண்ணைப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்தி அதுமேல வீடு கட்டியிருந்தாங்க. 1980கள்ல கண்டுபிடிச்சு, தோட்டத்து மண்ணைத் தோண்டி டிரம்ல அடைச்சாங்க. எங்க ஊருக்குள்ள கொண்டு வராதேன்னு நெவாடா மாநிலம் மறுக்க, டிரம்கள் போக இடமில்லாம வருஷக்கணக்கா தேங்கிக் கிடந்தது. மண்ணெடுக்கற வேலை 2000கள் வரைக்கும் நீண்டது. கேஸ் ஜெயிச்சாலும் மண்ணு தானா நல்லதாகிடாது.

நமக்கு?

நம்ம நாட்டுச் சொத்து மாற்றுச் சட்டம் 1882ல் வந்தது. அதோட 55வது பிரிவு, வேற ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல, விக்கறவர் தனக்குத் தெரிஞ்ச, வாங்கறவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்தோட பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையைச் சொல்லியே ஆகணும்ங்குது. மறைச்சா அது மோசடிக் கணக்குல வரும். ஆங்கிலேயர் கொண்டு வந்த சட்டம்தான், ஆனா 'வாங்கறவன் ஜாக்கிரதை'யில நமக்காக ஒரு ஓட்டை போட்டு வச்சிருக்கு. 'விக்கறவருக்குத் தெரிஞ்ச'ங்கற வார்த்தையை மட்டும் கவனிங்க. உங்களுக்கு வித்தவருக்கே தெரியலைன்னா இந்தப் பிரிவு உதவாது. ஆரஞ்சு கேஸ்ல நடந்தது அதுதானே.

பசுமைத் தீர்ப்பாயம் 2010 சட்டப்படி வந்தது. நஷ்டஈடு, இடத்தை மீட்கறது ரெண்டும் கேக்கலாம். ஆனா பிரச்சினை முதல்ல உருவான நாள்ல இருந்து அஞ்சு வருஷம், தக்க காரணம் இருந்தா இன்னும் அறுபது நாள். அங்கயும் கடிகாரம் ஓடுது.

அதனால பழைய தொழிற்சாலை, சாயப்பட்டறை, தோல் ஷெட், பேட்டரி உருக்கற இடம், குப்பைமேடு, இதுல எது இருந்த மண்ணா இருந்தாலும், பத்திரத்தைப் படிக்கிற கண்ணாலயே அந்த மண்ணோட கதையையும் படிங்க. ஊர்ப் பெரியவர் யாரையாவது பிடிச்சு "முன்னாடி இங்க என்ன இருந்துச்சு தாத்தா"ன்னு கேளுங்க. போர் தண்ணியையும் மண்ணையும் ஒரு லேப்ல கொடுத்துப் பாருங்க. "இங்கே நச்சுக் கழிவு ஏதும் கொட்டப்படவில்லை, இருந்தால் நானே பொறுப்பு"ன்னு கிரயப் பத்திரத்துல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. ஒரு டாலருக்கு வித்த ஹூக்கர் தன்னைக் காப்பாத்திக்க ஒரு வரி எழுதத் தெரிஞ்சு வச்சிருந்தான். வாங்கற நாமளும் ஒரு வரி எழுதக் கத்துக்கலாம்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், வக்கீல் இல்ல. நிஜமாவே இப்படி மாட்டிக்கிட்டிருந்தா நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருக்காம உடனே நல்ல வக்கீலைப் போய்ப் பாருங்க. கடிகாரம் எப்ப ஓட ஆரம்பிச்சதுன்னு அவர்தான் சொல்லணும் :-)